வருஷத்தை நெடுவரிசையில் வைக்காதீர்கள்: நாடுவாரி ரப்பர் கணக்கும் டேட்டாபேஸும்

குலசேகரத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எம்.எஸ்சி. புராஜெக்ட். எந்த நாடு எந்த வருஷம் எவ்வளவு இயற்கை ரப்பர் எடுத்தது, அதோடு அந்த நாட்டின் மக்கள்தொகை, ரப்பர் பரப்பு, தலைக்கு வருமானம், எல்லாவற்றையும் ஒரே டேட்டாபேஸில் போட்டுக் கேள்வி கேட்க வேண்டும். கையில் நான்கு எக்செல் ஃபைல். ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் நாட்டின் பெயர், மேலே 1961, 1962 என்று அறுபதுக்கு மேல் வருஷங்கள் குறுக்காக ஓடுகின்றன. "அப்படியே நான்கு டேபிளாக ஏற்றிவிடலாமா, இல்லை வருஷத்துக்கு ஒரு டேபிள் போடவா அண்ணா? போன வருஷத்தைவிட எவ்வளவு கூடியது என்று குவெரி எழுதினால் வரவே மாட்டேன் என்கிறது." இதுதான் கேள்வி.

இரண்டுமே வேண்டாம் தம்பி. நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு பல வருஷமாக இந்த மாதிரி ஃபைல்களோடுதான் மாரடிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். குவெரி வராததற்குக் காரணம் குவெரியில் இல்லை, டேபிளின் அமைப்பில் இருக்கிறது.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடுவோம். டேபிளில் மேலிருந்து கீழே இறங்குவதை நம் பசங்க 'காலம்' என்றுதான் சொல்வார்கள். இங்கே பேச்சே வருஷத்தைப் பற்றி என்பதால் காலம் என்று எழுதினால் எது எதுவென்று எனக்கே குழம்பிவிடும். ஆகவே நெடுவரிசை என்று எழுதுகிறேன், குறுக்கே ஓடுவது வரி.

எக்செல்லில் வருஷம் குறுக்காக ஓடுவது மனிதக் கண்ணுக்கு வசதி. தாய்லாந்து என்று விரலை வைத்து வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போனால் ஏறியதும் இறங்கியதும் தெரியும். டேட்டாபேஸுக்கு அது சரிப்படாது. 1961 என்பது அங்கே நெடுவரிசையின் பெயர், மதிப்பு அல்ல. பெயரை வைத்து வேர் (எந்த வரி வேண்டும் என்று சொல்லும் நிபந்தனை) போட முடியாது, ஒன்றைக் கழித்துப் போன வருஷத்துக்குப் போக முடியாது, பெரியது சிறியது என்று ஒப்பிட முடியாது. 2010-க்குப் பிறகு எந்த வருஷம் அதிகம் என்று கேட்க வேண்டுமானால் அத்தனை நெடுவரிசைப் பெயரையும் கையால் எழுத வேண்டும். அடுத்த வருஷக் கணக்கு வந்ததும் டேபிளையே ஆல்டர் செய்து, எழுதி வைத்த குவெரிகளை எல்லாம் திறந்து திருத்த வேண்டும். வருஷத்துக்கு ஒரு டேபிள் போட்டாலும் அதே கதைதான், வருஷம் நெடுவரிசைப் பெயரில் இருந்து டேபிள் பெயருக்குக் குடிபெயர்கிறது, அவ்வளவே.

வருஷம் மதிப்பாக உள்ளே வர வேண்டும். ஒரு வரி ஒரே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும்: இந்த நாடு, இந்த விஷயம், இந்த வருஷம், இவ்வளவு. குறுக்காகக் கிடப்பதை இப்படி நெடுக்காக மாற்றுவதற்கு எக்செல்லின் பவர் குவெரியிலேயே அன்பிவட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, பைத்தான் பழக்கம் என்றால் பாண்டாஸில் மெல்ட். அதோடு ஒரு வரப்பிரசாதம், உணவு வேளாண்மை அமைப்பான எஃப்.ஏ.ஓ.வின் மொத்தப் பதிவிறக்கத்தில் 'நார்மலைஸ்டு' என்ற பெயரில் இந்த வேலையை அவர்களே செய்துவைத்த ஃபைல் தனியாகக் கிடைக்கிறது. உங்களிடம் இருப்பது குறுக்கு ஃபைல். அதில் ஒவ்வொரு வருஷத்துக்கும் பக்கத்தில் எஃப் என்று முடியும் இன்னொரு நெடுவரிசை இருக்குமே, அதை அழித்துவிட்டீர்களா? அழித்திருந்தால் மறுபடியும் இறக்குங்கள். ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

நான் போடும் அமைப்பு இதுதான். 'புள்ளி' என்று ஒரு பெரிய டேபிள், அதில் நாட்டு எண், குறிகாட்டி எண், ஆண்டு, மூல எண், மதிப்பு, குறி. 'நாடு' என்று ஒரு டேபிள். 'குறிகாட்டி' என்று ஒரு டேபிள், ரப்பர் உற்பத்தி, ரப்பர் பரப்பு, மக்கள்தொகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, அதன் அலகும் அங்கேயே. 'மூலம்' என்று ஒரு சின்ன டேபிள், எங்கிருந்து எந்தத் தேதியில் எடுத்தது என்பதற்கு. புள்ளி டேபிளில் நாடு, குறிகாட்டி, ஆண்டு, மூலம் நான்கும் சேர்ந்துதான் பிரைமரி கீ, அதாவது ஒரு வரியை இன்னொன்றில் இருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். தானாக ஏறும் ஐடி ஒன்றை மட்டும் கீயாக வைத்துவிட்டுப் போகாதீர்கள், ஒரே ஃபைலை ராத்திரி தூக்கக் கலக்கத்தில் இரண்டு தடவை ஏற்றினால் டேட்டாபேஸ் வாயைத் திறக்காது, தாய்லாந்து இரண்டு மடங்கு பால் வெட்டியதாகக் காட்டும். நான்கும் சேர்ந்த கீ இருந்தால் இரண்டாவது தடவை முதல் வரியிலேயே நின்றுவிடும்.

இவ்வளவு நீளமான டேபிள் ஆடாமல் அசையாமல் நின்றுவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. உலக வங்கி 217 நாடுகள், ஆட்சிப்பகுதிகளுக்குக் கணக்கு வைக்கிறது. 65 வருஷம், 20 குறிகாட்டி என்று பெருக்கினால் 2,82,100 வரி. உங்கள் லேப்டாப்பில் எஸ்.கியூ.லைட் என்ற சின்ன டேட்டாபேஸே அதைத் தூங்கிக்கொண்டே செய்யும். குறிகாட்டியும் ஆண்டும் சேர்ந்த ஒரு இன்டெக்ஸ் மட்டும் போட்டுவிடுங்கள், போதும்.

சரி, இனிமேல்தான் விஷயம். இந்த வேலையில் குவெரி எழுதும் மொழியான எஸ்.கியூ.எல். தெரியாமல் கெட்டுப்போனவர்களைவிட 'நாடு' என்றால் என்ன, 'ஆண்டு' என்றால் என்ன என்று கேட்காமல் கெட்டுப்போனவர்கள்தான் அதிகம். நானும் அதில் ஒருவன்.

நாட்டின் பெயரை நம்பி ஜாயின் (இரண்டு டேபிளின் வரிகளைப் பொருத்துவது) போடாதீர்கள். ரப்பர் நாடுகளையே பாருங்கள். வியட்நாம் ஒரு ஃபைலில் ஒரே சொல், இன்னொன்றில் இடைவெளி விட்டு இரண்டு சொல். ஐவரி கோஸ்ட் இன்றைக்கு ஆப்பிரிக்காவின் பெரிய ரப்பர் நாடு, அதன் பிரெஞ்சுப் பெயரில் தலைக்கு மேல் ஒரு தொப்பியும் நடுவில் ஒரு மேற்கோள் குறியும் இருக்கும். தொப்பி யு.டி.எஃப் 8 என்ற எழுத்துக் குறியீட்டு முறை இல்லாத ஃபைலில் கந்தலாகும், மேற்கோள் குறி உங்கள் இன்சர்ட் வாக்கியத்தைப் பாதியில் அறுக்கும். ஸ்வாசிலாந்து 2018-ல் எஸ்வாட்டினி ஆனது. துருக்கி 2022-ல் ஐ.நா.வில் தன் பெயரின் எழுத்தை மாற்றிக்கொண்டது. இன்னர் ஜாயின் இதையெல்லாம் உங்களிடம் சொல்லாது, பொருந்தாத நாட்டைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டுப் பதிலை மட்டும் நீட்டும்.

ஆகவே ஐ.எஸ்.ஓ. என்ற உலகத் தர அமைப்பு நாடுகளுக்குக் கொடுத்திருக்கும் குறியீடு. அதிலும் மூன்றெழுத்துக் குறியீட்டை எடுங்கள். இரண்டெழுத்தில் நமீபியாவுக்கு என்.ஏ. என்று வரும், பாண்டாஸும் ஆர் மொழியும் அதை 'தகவல் இல்லை' என்று எடுத்துக்கொண்டு ஒரு நாட்டையே காலி கட்டமாக்கிவிடும். மூன்று இலக்க எண் குறியீடு என்றால் ஆப்கானிஸ்தானின் 004-ஐ எக்செல் வெறும் 4 ஆக்கிவிடும். இரண்டெழுத்தில் இன்னொரு கூத்தும் உண்டு: சி.எஸ். என்ற குறியீடு முதலில் செக்கோஸ்லோவாகியாவுக்கு இருந்தது, அந்த நாடு 1993 ஜனவரி 1-ல் இரண்டான பிறகு, 2003-ல் அதே எழுத்தைத் தூக்கி செர்பியா-மாண்டினீக்ரோவுக்குக் கொடுத்தார்கள். ஒரே குறியீடு, சம்பந்தமே இல்லாத இரண்டு நாடு. மூன்றெழுத்தும் சாகாவரம் பெற்றதல்ல, ருமேனியாவுக்கு 2002-ல் மாறியது. அதனால் டேட்டாபேஸுக்குள் உங்கள் சொந்த நாட்டு எண்ணை வைத்துக்கொண்டு, குறியீடுகளையும் பெயர்களையும் அதற்குக் கீழே தொங்கவிடுவதுதான் நிம்மதி.

பெயர் மாறுவதுகூடப் பரவாயில்லை, நாடே மாறுவதுதான் தலைவலி. இதை நமக்கு யாரும் வெளிநாட்டு உதாரணம் காட்டிப் புரியவைக்க வேண்டியதில்லை. 1951 சென்சஸில் நம்முடைய அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருக்கின்றன. 1956 நவம்பர் 1-ல் மதராஸ் மாநிலத்துக்கு வந்தோம், 1961 சென்சஸில் அங்கே இருக்கிறோம். இப்போது யாராவது மாநில டேபிளில் மதராஸின் 1951-ஐயும் 1961-ஐயும் எடுத்துக் கழித்து "பத்து வருஷத்தில் இவ்வளவு மாற்றம்" என்று எழுதினால், நாம் எல்லோரும் அந்த மாற்றத்துக்குள் பிறந்தவர்களாகக் கணக்காகிறோம். பிறக்கவில்லை, எல்லைக்கோடு நகர்ந்தது. சென்சஸ் துறை இதைத் தெரிந்துதான் பழைய எண்களைப் புதிய எல்லைக்கு ஏற்பச் சரிக்கட்டித் தனியாகத் தருகிறது. உங்கள் டேட்டாபேஸில் இருப்பது சரிக்கட்டியதா, அன்றைக்கு எண்ணியபடியா என்பது எங்காவது எழுதியிருக்க வேண்டும்.

சூடானும் அதே கதை. 2011 ஜூலை 9-ல் தெற்கு சூடான் தனியாகப் போனது. மிச்சமிருக்கும் சூடானின் பெயரும் மூன்றெழுத்தும் மாறவே இல்லை, எண் குறியீடு மட்டும் 736-ல் இருந்து 729 ஆனது. எல்லை மாறினால் எண் மாறும், பெயர் மாறினால் எழுத்து மாறும் என்பது அந்தக் குறியீடுகளின் போக்கு. எஃப்.ஏ.ஓ. ஃபைலில் பழைய சூடானுக்குத் தனி வரி, புதிய சூடானுக்குத் தனி வரி இருக்கும். நாடு டேபிளில் 'தொடக்க ஆண்டு', 'முடிவு ஆண்டு' என்று இரண்டு நெடுவரிசை வையுங்கள், இன்றைக்கும் இருக்கும் நாட்டுக்கு முடிவு நல், அதாவது மதிப்பே இல்லாத காலி கட்டம். பழைய சூடான் ஒரு வரி, புதியது இன்னொரு வரி. எது எதிலிருந்து வந்தது என்பதற்கு 'வாரிசு' என்று ஒரு சின்ன டேபிள்: பழைய நாட்டு எண், புதிய நாட்டு எண், ஆண்டு. சோவியத் யூனியனுக்கு அதில் பதினைந்து வரி வரும். ரப்பருக்கு சோவியத் எதற்கு என்று கேட்கலாம். மரம் நிற்காது, வாங்குகிற நாடுகளின் பட்டியலை நீங்கள் சேர்க்கிற அன்றைக்கு வந்து நிற்கும். மலேசியாவையும் மறக்க வேண்டாம், அந்த நாடு உருவானதே 1963-ல், சிங்கப்பூர் அதில் சேர்ந்திருந்து 1965-ல் பிரிந்தது. உங்கள் ஃபைலோ 1961-ல் இருந்தே மலேசியா என்கிறது.

இப்போது நான் பட்ட அவமானம். வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்கு உலக ரப்பர் தரவரிசை போட்டுக் கொடுத்தேன். கலர் கலராக கிராஃப், நல்ல பேப்பரில் பிரிண்ட். அங்கே கணக்கு எழுதும் பெரியவர் ஒருவர், கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர், காகிதத்தை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தார். "மக்கா, சீனா எத்தனை இருக்கு?" என்றார். அடுத்தடுத்த இரண்டு இடத்தில் ஒரே எண்ணோடு இரண்டு சீனா நின்றுகொண்டிருந்தது. எஃப்.ஏ.ஓ. ஃபைலில் சீனா என்று ஒரு வரி, சீனப் பெருநிலம் என்று ஒரு வரி, ஹாங்காங், மக்காவ், தைவானுக்குத் தனித்தனி வரி. முதல் வரி மற்றவற்றின் கூட்டுத்தொகை. ரப்பர் மரமெல்லாம் யுன்னான், ஹைனான் போன்ற மாகாணங்களில்தான், எல்லாமே பெருநிலக் கணக்கில் சேரும், ஆகவே இரண்டு வரியிலும் ஒரே எண். உலக மொத்தத்தையும் நான் சம் போட்டுத்தான் எடுத்திருந்தேன், அதனால் எல்லா நாட்டின் சதவீதமும் கோணல்.

உலக வங்கி ஃபைலிலும் 'உலகம்', 'தெற்காசியா', 'உயர் வருமான நாடுகள்' எல்லாம் இந்தியா, நேபாளத்தோடு தோளோடு தோள் நிற்கும், அவற்றுக்கும் நாடுகளைப் போலவே மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. கூட்டினால் உலக மக்கள்தொகை பல மடங்காகும். அதே ஜிப்புக்குள் நாட்டு விவரம் என்று இன்னொரு ஃபைல் வரும், அதில் வட்டாரம் காலியாக இருக்கும் வரியெல்லாம் தொகுப்புகள், நாடுகள் அல்ல. நாடு டேபிளில் 'வகை' என்று ஒரு நெடுவரிசை வைத்து நாடு, தொகுப்பு என்று குறித்துவிடுங்கள். தொகுப்பு வரிகளை அழிக்க வேண்டாம், அவைதான் பிறகு உங்கள் கணக்கைச் சரிபார்க்கும் சாட்சி.

அடுத்தது ஆண்டு. பார்க்க சாதுவாக இருக்கும். எஃப்.ஏ.ஓ. சொல்வது ஜனவரி முதல் டிசம்பர். நம் ரப்பர் போர்டு 2022-23 என்று ஏப்ரல் முதல் மார்ச் வரை சொல்லும். இரண்டையும் 2022 என்று ஒரே நெடுவரிசையில் போட்டால் ரப்பரில் அது சும்மா மூன்று மாத வித்தியாசம் அல்ல. உங்கள் ஊரிலேயே பாருங்கள், பிப்ரவரி மார்ச்சில் இலை உதிர்ந்து வெட்டு குறைகிறது, ஜூன் ஜூலை மழையில் பிளாஸ்டிக் கட்டாத மரத்தில் கத்தி வைக்க முடியாது, அக்டோபரில் இருந்து ஜனவரி வரைதான் சிரட்டை நிரம்புகிறது. கணக்கு வருஷத்தை ஏப்ரலில் வெட்டினால் மெலிந்த மாதத்தில் அது பிரிகிறது, நல்ல பருவம் முழுசாக ஒரே வருஷத்துக்குள் விழுகிறது. டிசம்பர் 31-ல் வெட்டினால் பால் பெருகி நிற்கும் பருவத்தின் நடுவில் கோடு விழுகிறது. ஒரு மோசமான பருவம் ஒரு கணக்கில் ஒரே வருஷத்தை இழுத்துத் தள்ளும், இன்னொரு கணக்கில் இரண்டு வருஷத்தையும் லேசாகக் குறைக்கும். ஆகவே ஆண்டு என்ற எண்ணோடு, மூலம் டேபிளில் அந்த ஆண்டு எந்த மாதம் தொடங்குகிறது என்பதையும் எழுதுங்கள். நேபாளத்தில் நிதியாண்டு ஜூலை நடுவில் தொடங்குகிறது. இவ்வளவு ஏன், பழைய திருவிதாங்கூர் அறிக்கைகளை யாராவது உங்கள் கையில் கொடுத்தால் அதில் கொல்லம் ஆண்டு 1100 என்று இருக்கும், அது 1924 ஆகஸ்டில் தொடங்கி 1925-ல் முடிகிறது. வீட்டின் பழைய ஆதாரப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தாலே தெரியுமே.

ஆண்டுக்கு டேட் டைப் வேண்டாம், ஸ்மால்இன்ட் போதும். மைஎஸ்.கியூ.எல்.-ல் இயர் என்றே ஒரு டைப் இருக்கிறது, அது 1901-க்கு முன்னால் போகாது, அதனால் நான் தொடுவதில்லை. மதிப்புக்கு நியூமெரிக் வையுங்கள். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்.கியூ.எல். இரண்டிலும் சாதாரண இன்டீஜர் 214 கோடியே சொச்சத்தோடு நின்றுவிடும். இந்தியா தனியாக உள்ளே அடங்கும், சீனா தனியாக அடங்கும், இரண்டின் கூட்டுத்தொகையை அதில் வைக்கப் பார்த்தால் உடைந்துவிடும்.

மதிப்பு இல்லாத இடத்தில் சைபர் போடாதீர்கள். பரப்பு 0 என்றால் அந்த நாட்டில் ரப்பர் மரம் இல்லை என்று அர்த்தம், நல் என்றால் யாரும் சொல்லவில்லை என்று அர்த்தம். ஆவரேஜ் நல்லை எண்ணாது: 10, நல், 20 என்றால் சராசரி 15. நல்லுக்குப் பதில் சைபர் போட்டிருந்தால் 10. உலக வங்கியின் சில ஃபைல்களில் விடுபட்ட இடத்தில் இரண்டு புள்ளி மட்டும் இருக்கும், பழைய மைஎஸ்.கியூ.எல். அதைக் கேட்காமலேயே சைபராக்கி ஒரு வார்னிங்கோடு உள்ளே விட்டுவிடும், 5.7-ல் இருந்து ஸ்ட்ரிக்ட் மோட் தானாகவே இருப்பதால் இப்போது தடுக்கிறது. அந்த எஃப் நெடுவரிசை என்றேனே, அது இதற்குத்தான்: இந்த எண் அந்த நாடே அதிகாரபூர்வமாகச் சொன்னதா, மதிப்பிட்டதா, இட்டு நிரப்பியதா என்று ஒற்றை எழுத்தில் அதில் இருக்கும். 'குறி' என்று நான் புள்ளி டேபிளில் வைத்தது அதுதான். ஒரு நாடு ஐந்து வருஷம் ஒரே எண்ணைக் காட்டுகிறது என்றால் குறியைப் பார்த்துவிட்டுத்தான் "நிலையான உற்பத்தி" என்று எழுத வேண்டும்.

மூல எண்ணை ஏன் கீக்குள் வைத்தேன் என்றால், பழைய வருஷத்தின் எண்ணும் பிறகு மாறும். நைஜீரியா 2014-ல் தன் உள்நாட்டு உற்பத்திக் கணக்கின் அடிப்படை ஆண்டை மாற்றியபோது பொருளாதாரம் ஒரே நாளில் 89 சதவீதம் பெருத்தது. யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம் உழைக்கவில்லை. 2015 ஜனவரியில் நாமும் 2004-05-ல் இருந்து 2011-12-க்கு மாறினோம். போன வருஷம் இறக்கிய ஃபைலின் மேல் இந்த வருஷ ஃபைலை எழுதினால், உங்கள் கைடு "முதல் ரிவியூவில் வேறு எண் காட்டினாயே" என்று கேட்கும்போது பதில் இருக்காது. இரண்டும் இருக்கட்டும், குவெரியில் எந்த மூலம் என்று சொல்லி எடுங்கள்.

அப்புறம் குவெரி. கீவேர்டுகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், தட்டும்போது மாற்றிக்கொள்ளுங்கள். போன வருஷத்தோடு ஒப்பிட எல்லோரும் லாக் ஃபங்ஷனைக் காட்டுவார்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் 8.4-ல் இருந்தும் மைஎஸ்.கியூ.எல்.-ல் 8.0-ல் இருந்தும் எஸ்.கியூ.லைட்டில் 3.25-ல் இருந்தும் லாக் போன்ற விண்டோ ஃபங்ஷன் இருக்கிறது, நல்ல சமாச்சாரம்தான். ஆனால் லாக் எடுப்பது முந்தைய வரியை, முந்தைய வருஷத்தை அல்ல. நடுவில் ஒரு வருஷம் விடுபட்டால் இரண்டு வருஷ வளர்ச்சியை ஒரு வருஷம் என்று சொல்லும். இந்திய சென்சஸை மட்டும் ஒரு டேபிளில் போட்டு லாக் எழுதிப் பாருங்கள்: 2001-ல் 102.87 கோடி, 2011-ல் 121.09 கோடி, வளர்ச்சி 17.7 என்று வரும். மேலே 'ஆண்டு வளர்ச்சி' என்று தலைப்பு வைத்திருந்தால் முடிந்தது கதை. பத்தால் வகுத்து 1.77 என்றாலும் தப்பு, கூட்டு வளர்ச்சியாகப் பார்த்தால் ஆண்டுக்கு 1.64. நான் எழுதுவது இப்படி:

செலக்ட் இ.நாட்டு_எண், இ.ஆண்டு, (இ.மதிப்பு - மு.மதிப்பு) * 100.0 / நல்இஃப்(மு.மதிப்பு, 0)
ஃப்ரம் புள்ளி இ
லெஃப்ட் ஜாயின் புள்ளி மு
ஆன் மு.நாட்டு_எண் = இ.நாட்டு_எண்
அண்ட் மு.குறிகாட்டி_எண் = இ.குறிகாட்டி_எண்
அண்ட் மு.மூல_எண் = இ.மூல_எண்
அண்ட் மு.ஆண்டு = இ.ஆண்டு - 1

இ என்பது இந்த வருஷம், மு என்பது முந்தையது. ஒரே டேபிளை இரண்டு பெயரில் கூப்பிடுகிறோம். போன வருஷம் இல்லையென்றாலும், சைபராக இருந்தாலும் (நல்இஃப் அதற்குத்தான்) பதில் நல் வரும், பொய் வராது. 100 என்று எழுதாமல் 100.0 என்று எழுதியதும் காரணமாகத்தான்: மதிப்பை இன்டீஜராக வைத்திருந்தால் போஸ்ட்கிரெஸ் 7-ஐ 10-ஆல் வகுத்து 0 என்று சொல்லும்.

தலைக்கு எவ்வளவு என்பதும் இதே வித்தைதான், ஆண்டு ஒன்றாகவும் குறிகாட்டி வேறாகவும் இருக்கும்: ஒரு பக்கம் ரப்பர் உற்பத்தி, மறுபக்கம் மக்கள்தொகை. இங்கே இரண்டு ஃபைலும் வெவ்வேறு இடத்தில் இருந்து வந்திருக்கும் என்பதால் மூல எண்ணைச் சமப்படுத்தக் கூடாது, ஒவ்வொரு பக்கத்துக்கும் எது என்று தனியாகச் சொல்லுங்கள். லெஃப்ட் ஜாயின் போட்டுவிட்டு வலப்பக்க டேபிளின் நிபந்தனையை வேரில் எழுதினால் அது இன்னர் ஜாயின் ஆகிவிடும், மக்கள்தொகை இல்லாத நாடெல்லாம் காணாமல் போகும். நிபந்தனை ஆன் பகுதியில் இருக்கட்டும். வருஷவாரி தரவரிசைக்கு ரேங்க், பார்ட்டிஷன் பை ஆண்டு, ஆர்டர் பை மதிப்பு இறங்குமுகமாக. வகை நாடு என்ற வடிகட்டல் உள்ளே இருக்கட்டும், இல்லாவிட்டால் எல்லா வருஷமும் 'உலகம்'தான் முதலிடம். சீனாவைத் தொகுப்பு என்று குறித்திருந்தால் அந்த இரட்டையும் இங்கேயே ஒழியும்.

ஒவ்வொரு நாட்டுக்கும் கிடைக்கிற கடைசி வருஷம் வேண்டுமென்றால் ஒரே மேக்ஸ் ஆண்டை எல்லோருக்கும் வைக்காதீர்கள். சில நாடு 2022 வரை கொடுத்திருக்கும், சிலது 2019-லேயே நின்றிருக்கும். ரோ நம்பர், பார்ட்டிஷன் பை நாட்டு எண், ஆர்டர் பை ஆண்டு இறங்குமுகம், மதிப்பு நல் இல்லாதவை மட்டும், அதில் எண் 1 வந்ததை எடுங்கள். பதிலில் ஆண்டையும் சேர்த்துக் காட்டுங்கள்.

விளைச்சலுக்கு ஆவரேஜ் போடுவதுதான் கடைசிக் குழி. கணக்குக்காகச் சொல்கிறேன், ஒரு நாட்டில் 10 ஹெக்டேரில் 20 டன், இன்னொன்றில் 1000 ஹெக்டேரில் 1000 டன். ஹெக்டேருக்கு 2, ஹெக்டேருக்கு 1, ஆவரேஜ் 1.5 என்று டேட்டாபேஸ் கூசாமல் சொல்லும். உண்மையில் 1010 ஹெக்டேரில் 1020 டன், ஹெக்டேருக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். பொன்மனையில் ஒருவர் வைத்திருக்கும் 50 சென்டையும் கீரிப்பாறை எஸ்டேட்டையும் சமமாக நிறுத்திச் சராசரி பார்ப்பது மாதிரி. மேலே சம் உற்பத்தி, கீழே சம் பரப்பு, பிறகு வகுங்கள். அதனால்தான் விளைச்சல், தலா வருமானம் போன்ற விகிதங்களை நான் சேமிப்பதே குறைவு, மேல் எண்ணும் கீழ் எண்ணும் இருந்தால் விகிதம் எப்போது வேண்டுமானாலும் வரும்.

ரிப்போர்ட்டில் ஒட்டுவதற்கு வருஷம் குறுக்காக ஓடும் டேபிள்தான் வேண்டும் என்று கைடு சொல்வார். சொல்லட்டும். சம் உள்ளே கேஸ் வென் ஆண்டு = 2020 என்று எழுதி நாடுவாரியாக குரூப் பை போட்டால் குறுக்காகவே வரும், அல்லது குவெரியின் பதிலை எக்செல்லில் கொட்டி பிவட் போடுங்கள். காட்டும்போது குறுக்கே, வைக்கும்போது நெடுக்கே.

இதையெல்லாம் தொடங்கும் முன் இன்று ராத்திரி ஒரு வேலை. ரப்பர் ஃபைலைத் திறந்து நாட்டுப் பெயரில் சீனா என்று வரும் வரிகளை மட்டும் ஃபில்டர் போடுங்கள், எத்தனை வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு ஒரு வருஷத்துக்கு, வகை நாடு என்று நீங்கள் குறிக்கப்போகிற வரிகளை மட்டும் கூட்டி, அந்த ஃபைலிலேயே இருக்கும் உலகம் என்ற வரியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகும்வரை கிரியேட் டேபிள் பக்கம் போக வேண்டாம், ஒத்துப்போகாவிட்டால் எந்த நாட்டில் இடிக்கிறது என்று எழுதுங்கள், பார்த்துவிடலாம்.